அட்மிஷன் மிஸ்

மே மாதம் வந்தால் எங்கள் பள்ளியில் யாரும் டீச்சர் இல்லை. எல்லோரும் பிள்ளை பிடிக்கிறவர்கள். மண்டை காயும் வெயிலில் நோட்டீஸ் கட்டைத் தூக்கிக்கொண்டு தெருத் தெருவாகப் போய், "உங்க வீட்ல ஸ்கூல் போற பசங்க இருக்காங்களா?" என்று கேட்க வேண்டும். அப்பாயின்ட்மென்ட் ஆர்டரில் இப்படி ஒரு வேலை எழுதியிருக்காது. ஆனால் போகாதவர்களுக்கு ஜூன் மாதம் வகுப்பு இருக்காது.

போவதற்கு முன்னால் மோட்டிவேஷன் கிளாஸ் வேறு. கோட்டு போட்ட ஒருவர் வந்து எங்களை எழுந்து நிற்கச் சொல்வார். கையைத் தூக்கி, "நான் ஒரு விளக்கு! நான் ஒரு விளக்கு!" என்று கத்தச் சொல்வார். கரன்ட் போன ஹாலில் வேர்த்து ஊற்ற ஊற்ற நாங்கள் எல்லோரும் விளக்காக நிற்போம். கடுப்பாக இருக்கும்.

நான் எழிலரசி. ஆவடியில் ஒரு மெட்ரிகுலேஷன் பள்ளியில் மூன்றாம் வகுப்பு டீச்சர். மேனாம்பேட்டிலிருந்து தினமும் மின்சார ரயிலில் வந்து போகிறவள். நடுவில் எனக்கு இந்த வேலையே வெறுத்துப்போயிருந்தது. போர்டில் எழுதும்போதே கொட்டாவி வரும். பேசாமல் ஏதாவது ஜவுளிக்கடையில் பில் போடப் போய்விடலாமா என்றுகூட நினைத்தேன். அந்தச் சமயத்தில்தான் பூந்தமல்லியில் ஞாயிற்றுக்கிழமை மட்டும் நடக்கும் ஒரு பயிற்சி வகுப்பில் சேர்ந்தேன். எழுத்துக் கூட்டிப் படிக்க வராத பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்பதுதான் பாடம்.

ஸ்டாஃப் ரூமில் "மக்கு" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவோமே, அந்தப் பிள்ளைகள். அவர்களுக்கு அறிவில் ஒரு குறையும் இல்லை. எழுத்து உள்ளே போகும் வழிதான் வேறு. விரலால் இழுத்து, வாயால் சொல்லி, காதால் கேட்டு, மெதுவாகப் போக வேண்டும். முக்கியமாக, தினமும் போக வேண்டும். விட்டுவிட்டால் பிடித்த எழுத்தும் நழுவிவிடும். இதைக் கற்றுக்கொண்டபோது எனக்கு வந்த சந்தோஷம் இருக்கிறதே, கல்யாணத்தன்றுகூட அப்படி இல்லை. வீட்டுக்காரர் மனோகரனிடமே இதைச் சொன்னேன். இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் அவர் கம்பெனி மூடியதிலிருந்து நிலையாக ஒரு வேலை இல்லாத மனிதர். சிரித்துக்கொண்டே ஞாயிற்றுக்கிழமைச் சமையலைத் தன் தலையில் போட்டுக்கொண்டார்.

படிப்பு முடிந்ததும் கரஸ்பாண்டன்ட் கிருபாகரன் சாரிடம் போய் நின்றேன். மாடியில் உடைந்த பெஞ்சு அடைத்து வைத்திருந்த அறையைக் கேட்டேன். தினமும் ஒரு பீரியட். படிக்கத் திணறும் பிள்ளைகள் மட்டும். நானே எடுக்கிறேன், தனியாக எதுவும் தர வேண்டாம்.

"அருமையான ஐடியா மிஸ்," என்றார். அவர் குரலே உயர்த்தாத மனிதர். "இந்த வருஷம் நல்லா அட்மிஷன் கொண்டாங்க. ரூம் உங்களுக்குத்தான்."

அந்த மே மாதம் நான் ஓடிய ஓட்டத்தைப் பார்த்து, கூட வந்த ஷர்மிளாவுக்கு நாக்குத் தள்ளிவிட்டது. அவள் எங்கள் பள்ளியில் கணக்கு மிஸ், வாய் ஓயாதவள். வேப்பம்பட்டு ஃபிளாட்டுகளில் வாட்ச்மேன் கேட்டோடு திருப்பி அனுப்பினார். ஃபேக்டரி குவார்ட்டர்ஸில் மோர் கொடுத்தார்கள், பிள்ளையைக் கொடுக்கவில்லை. முத்தாபுதுப்பேட்டையில் ஒரு டிபன் கடை வாசலில் ஷர்மிளா உட்கார்ந்தேவிட்டாள்.

"அம்மா தாயே, இனிமே ஒரு அடி எடுத்து வைக்க மாட்டேன். ரெண்டு இட்லி வாங்கிக் குடு, இல்லேன்னா என்னை இங்கயே புதைச்சிட்டுப் போ."

கடையில் கல்லாப்பெட்டிக்குப் பின்னால் ஒரு சிறுமி ஸ்டூல் மேல் நின்றுகொண்டிருந்தாள். முன்பல் விழுந்த வாய். அந்த வாயில் ஊரையே விற்றுவிடுகிற பேச்சு.

"அண்ணாத்தே, இட்லி துன்ட்டு வடைய மறந்துட்டியே. வடைக்கு யாரு குடுப்பா, உங்க மாமனாரா?"

லாரி டிரைவர் சிரித்துக்கொண்டே கொடுத்துவிட்டுப் போனார். எனக்கு அவளை அப்படியே பிடித்துப்போய்விட்டது. பெயர் பவ்யா. கடைக்காரி கோமளாவின் ஒரே பெண். எந்த ஸ்கூல் என்று கேட்டதும், அதுவரை சளசளத்த வாய் மூடிக்கொண்டது.

கோமளாதான் சொன்னாள். "ரெண்டு ஸ்கூலு பாத்தாச்சு மிஸ். கணக்கு வாயால கேளு, டக்குனு சொல்லும். புக்க குடுத்தா அப்டியே முயிச்சிகினு நிக்கும். இதுக்குப் படிப்பு ஏறாது, கூட்டிகினு போன்னுட்டாங்கோ. நானும் அடிச்சிப் பாத்துட்டேன் மிஸ். இன்னா பண்றது?"

சப்பாத்திக்காகத் தட்டில் கோதுமை மாவு கொட்டி வைத்திருந்தாள். அதை வாங்கித் தரையில் வைத்துக்கொண்டு பவ்யாவைப் பக்கத்தில் உட்கார வைத்தேன். அவள் விரலைப் பிடித்து மாவில் ஓர் எழுத்தை இழுத்து, சத்தத்தைச் சொல்ல வைத்தேன். அழித்து மறுபடி. அப்புறம் இன்னொரு எழுத்து. தனித்தனியாக அவளுக்கு எழுத்து தெரியும், சேர்ந்தால்தான் கலைந்துவிடும். இட்லி ஆறிப்போனது. ஷர்மிளா எதுவுமே பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தாள், அது உலக அதிசயம். பவ்யா இரண்டு எழுத்தையும் மாறி மாறித் தடவிக்கொண்டே இருந்தாள்.

"ப... ல்... ப... பல்லு!" என்று கத்தினாள். "யம்மா! பல்லுன்னு போட்டுகீது! என் பல்லு!"

கோமளா கரண்டியைக் கீழே போட்டுவிட்டு வந்தாள். மகளைப் பார்க்கவில்லை. என் முகத்தையே பார்த்தாள்.

"நெஜமா படிக்குமா மிஸ்?"

"படிப்பா. தினமும் என்கிட்ட அனுப்பு. நானாச்சு."

வாயிலிருந்து வந்துவிட்டது. மனதிலிருந்துதான் வந்தது, அதைச் சத்தியமாகச் சொல்வேன்.

அப்புறம் நான் தெருவில் அலையவே வேண்டியிருக்கவில்லை. இட்லி தின்ன வந்தவர்களிடம் எல்லாம் கோமளா சொல்லிவிட்டாள். படிக்க வராத பிள்ளைகளைத் தேடிப் பிடித்து அழைத்துக்கொண்டு தாய்மார்கள் வந்தார்கள். கூடவே அவர்களுடைய அக்கா பிள்ளை, பக்கத்து வீட்டுப் பிள்ளை. கிருபாகரன் சார் வாயெல்லாம் பல்லாக இருந்தார்.

ஜூனில் பள்ளி திறந்ததும் மாடி அறையில் பெயின்ட் அடிக்கும் வேலை நடந்தது. அது முடியும்வரை என் வகுப்பின் மூலையிலேயே பாய் விரித்து, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பிள்ளைகளை உட்கார வைத்தேன். தட்டில் ரவை. என் வகுப்பிலேயே சேர்ந்திருந்த பவ்யா மற்ற எல்லோருக்கும் தலைவியாகிவிட்டாள். "மிஸ், இவன் ரவைய துன்றான் மிஸ்!" என்று புகார் சொல்வதற்கே அவளுக்கு நேரம் போதாது. ஆனால் படித்தாள். மரம், படம், கடல். ஒருநாள் வேனில் ஏறும்போது பின்னால் எழுதியிருந்ததை நின்று, தட்டுத் தடுமாறி, கூட்டிப் படித்துவிட்டுத் திரும்பி என்னைப் பார்த்தாள். எனக்கு அந்த வேனையே கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும் போல் இருந்தது. இதற்காகத்தானே இந்த வேலைக்கு வந்தோம் என்று ரயிலில் நின்றபடி தனியாகச் சிரித்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

மாடி அறைக்கு ஏசி மாட்டினார்கள். பிள்ளைகளுக்கு ஏசியா என்று நெகிழ்ந்துபோனேன். மடச்சி!

திறக்கிற அன்று கிருபாகரன் சார் எல்லா டீச்சர்களையும் மாடிக்குக் கூப்பிட்டார். கதவில் பித்தளைப் பலகையில் என் பெயர். அதற்குக் கீழே: அட்மிஷன் மேனேஜர். உள்ளே கண்ணாடி மேசை, சுழல் நாற்காலி, வருகிறவர்கள் உட்கார சோபா. எல்லோரும் கை தட்டினார்கள். ஷர்மிளா மட்டும் தட்டவில்லை.

"சார், இது பிள்ளைங்களுக்கு..." என்றேன்.

"பிள்ளைங்களுக்குத்தான் மிஸ். பிள்ளைங்க வந்தாத்தானே ஸ்கூல்? உங்ககிட்ட இப்படி ஒரு திறமை இருக்குன்னு இத்தனை வருஷம் எனக்குத் தெரியாமப் போச்சே. பேசினீங்கன்னா பேரன்ட்ஸ் அப்படியே உருகிடறாங்க."

"எனக்கு கிளாஸ் வேணும் சார்."

"காலம் பூரா மூணாங் கிளாஸ்லயே உட்கார்ந்திருப்பீங்களா? நான் உங்க வளர்ச்சியைப் பார்க்கிறேன். உங்க கிளாஸுக்கு லாவண்யா மிஸ்ஸைப் போட்டாச்சு." சிரித்தபடியே சொன்னார். "விருப்பம் இல்லேன்னா சொல்லுங்க. யாரையும் நான் கட்டாயப்படுத்தறதில்ல."

அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். வீட்டில் வேலைக்குப் போகிறவள் நான் ஒருத்திதான். கொடுமை என்னவென்றால், அவர் என்னை ஏமாற்றுவதாக நினைக்கவே இல்லை. என்னை உயர்த்திவிட்டதாகவே நினைத்தார்.

அந்த ஒரு பீரியடையாவது கொடுங்கள் என்று கெஞ்சினேன். "சீசன் முடியட்டும் மிஸ்," என்றார். பார்த்தால் எங்கள் பள்ளியில் சீசன் முடிவதே இல்லை. வருஷ நடுவில் மாற்றலாகி வருகிறவர்கள், அடுத்த வருடத்துக்கு இப்போதே இடம் பிடிக்கிறவர்கள், ஃபீஸ் பாக்கிக்காகச் சண்டை போட வருகிறவர்கள். எல்லோரும் அந்த சோபாவுக்கு வந்தார்கள்.

பவ்யாவும் வந்தாள். மதியம் மணி அடித்ததும் ரவைத் தட்டைத் தூக்கிக்கொண்டு மாடியேறி வந்து, கதவுக் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு நிற்பாள். நான் உள்ளே யாரிடமாவது எங்கள் பள்ளியின் பெருமையைப் பேசிக்கொண்டிருப்பேன். கையைக் காட்டி, நாளைக்கு என்பேன். தலையாட்டிவிட்டு இறங்கிப் போவாள். மறுநாளும் வருவாள். சில நாள் மாலையில் வேன் கிளம்புவதற்குள் ஓடிப் போய் ஒரு வார்த்தையாவது சொல்லிக்கொடுக்கப் பார்ப்பேன். கடல் மறந்துபோயிருந்தது. அப்புறம் மரமும்.

லாவண்யா சின்னப் பெண், வேலைக்குப் புதுசு. அவளைக் குறை சொல்ல மாட்டேன். வரிசையாக எழுப்பிப் படிக்கச் சொன்னாள், எல்லா வகுப்பிலும் செய்வதுதான். பவ்யா எழுந்து நின்றிருக்கிறாள். வகுப்பே சிரித்திருக்கிறது. "நான் அட்மிஷன் மிஸ் கிட்ட படிப்பேன், உங்ககிட்ட படிக்க மாட்டேன்," என்று சொன்னாளாம். ஸ்டாஃப் ரூமில் லாவண்யா இதைச் சொல்லிச் சிரித்தாள். எனக்கு இந்தப் பெயரா வந்து சேர வேண்டும்? அன்றைக்கு மதியம் யார் வந்தாலும் சரி என்று கதவைத் திறந்து வைத்துக் காத்திருந்தேன். பவ்யா வரவில்லை. மறுநாளும் வரவில்லை.

அதற்கடுத்த வாரம் கோமளா வந்தாள். சண்டை போடுவாள் என்று நினைத்தேன். திட்டினால் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தேன். அவள் சோபாவில் உட்காரக்கூட இல்லை.

"டிசி குத்துடுங்க மிஸ். ஊட்டாண்ட கவர்மென்ட் ஸ்கூல்ல சேத்துடறேன்."

"கோமளா, ஒரு நிமிஷம் நான் சொல்றதைக் கேளு. ஞாயித்துக்கிழமை நான் உங்க வீட்டுக்கு வரேன். நானே உட்கார வெச்சு..."

"வாணாம் மிஸ்."

"காசு எதுவும் வேணாம்மா."

"அதுக்கு இல்ல மிஸ். தெனமும் சொல்லிக்குடுத்தாதான் நிக்கும்னு நீங்கதானே சொன்னீங்கோ. உங்களுக்கு வேல கீது, புரியுது. நான் ஒண்ணும் கோவப்படல." முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "மொத ரெண்டு ஸ்கூல்லயும் இதுக்குப் படிப்பு வராதுன்னாங்கோ. அன்னிக்கு அயுதுச்சு, அடுத்த நாளு மறந்துட்டு கல்லாவுல நின்னுச்சு. நீங்கதான் மிஸ் வரும்னு சொன்னீங்கோ. அத்த அதால மறக்க முடியல. சோறு துன்ன மாட்டேங்குது."

பேரன்ட்ஸை உருக வைக்கிற நான் எழுந்து ஆபீசுக்குப் போனேன். டிசியில் கையெழுத்து வாங்கிக் கொடுத்தது நான்தான். அதுவும் இப்போது என் வேலையில் சேர்ந்தது.

கேட் வரை கூடவே போனேன். வெளியே கோமளாவின் ஸ்கூட்டியில், கால் எட்டாமல் பவ்யா உட்கார்ந்திருந்தாள். யூனிஃபார்ம் இல்லை. போய் அவள் கையைப் பிடித்தேன். அழக் கூடாது என்று நினைத்தேன், அழுதுவிட்டேன். வாட்ச்மேன் பார்த்தார், ரோட்டில் போகிறவர்கள் பார்த்தார்கள், பார்க்கட்டும்.

"மிஸ்ஸை மன்னிச்சிடுடா கண்ணு," என்றேன்.

பவ்யா, கல்லாவில் சில்லறை குறைந்தவருக்குச் சொல்வது போல் பெரிய மனுஷத்தனமாகச் சொன்னாள்.

"அயாத மிஸ். நீங்க நல்லாத்தான் சொல்லிக்குடுத்தீங்கோ. எனக்குத்தான் படிப்பு வராது."

கோமளா வண்டியைக் கிளப்பினாள். இல்லை, உனக்கு வரும் என்று கத்த வாயெடுத்தேன். அதை இன்னொரு முறை அந்தக் குழந்தையிடம் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. மாடியிலிருந்து ஆயா எட்டிப் பார்த்து, யாரோ அட்மிஷனுக்கு வந்து காத்திருப்பதாகக் கூப்பிட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு படியேறினேன்.