மங்கம்மா பார்த்த பல்புழு

ஓசூருக்கு அருகே ஜூஜுவாடியை அடுத்து, பெங்களூர் நெடுஞ்சாலையை விட்டுச் சற்று உள்ளடங்கியிருந்த சிற்றூரில் பட்டுப்புழு வளர்க்கும் வீடுகள் பல இருந்தன. அவற்றுள், ஒரு தட்டுப் புழுவையும் நோய்க்குப் பறிகொடுக்காத வீடு சம்பங்கியின் வீடு ஒன்றுதான். அப்பெருமை சம்பங்கியைச் சேர்ந்ததன்று. அவன் மனைவி மங்கம்மாவைச் சேர்ந்ததாகும். இதைச் சம்பங்கியே தேநீர்க்கடையில் பலர் கேட்கச் சொல்வதுண்டு.

"நான் எலை அறுத்தாந்து போடறதோட சரி. பொழைக்கறதும் சாவறதும் அவ கையில," என்பான்.

மங்கம்மா புழு வீட்டினுள் நுழையுமுன் கைகால்களைக் கழுவுவாள். பிறரையும் கழுவ வைப்பாள். புகையிலை போட்ட வாயோடு வருபவர், ஊர்த்தலைவரே ஆயினும், வாசலிலேயே நிற்க வேண்டியதுதான். புழு தின்று மிஞ்சிய இலையையும் எச்சத்தையும் அன்றாடம் அகற்றிவிட்டுத்தான் புதிய இலையைத் தூவுவாள். தலையை நிமிர்த்தி அசையாதிருக்கும் புழு தோலுரிக்கப் போகிறது என்பதையும், தலை பளபளக்கும் புழு நோயுற்றது என்பதையும் ஒரே பார்வையில் சொல்லிவிடுவாள். எள்முனை அளவிலான புழுவுக்கும் முகம் உண்டு என்பது அவள் கண்ட உண்மை.

மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் சூட்டிய ஆண்டு அது. மங்கம்மா தலைப்பிள்ளையைச் சுமந்து ஏழாம் மாதத்தில் இருந்தாள். ஒரு நாள் காலை வேப்பங்குச்சியால் பல் விளக்கித் துப்பியபோது எச்சிலோடு இரத்தம் வந்தது. கொல்லையில் நின்றிருந்த மாமியார் லட்சுமியம்மாள் அதைப் பார்த்துவிட்டாள்.

"ஏமே! அது யார் ரத்தம்னு நெனச்சே? வயித்துல இருக்கற பிள்ளையோட ரத்தம். குச்சியக் கீழ போடு!"

லட்சுமியம்மாள் கொடியவள் அல்லள். மருமகளுக்கென்று கேழ்வரகுக் களியில் நெய்யைத் தாராளமாக ஊற்றுபவள். பாரமான குடத்தைத் தூக்க விடாதவள். ஆயினும் அவள் வாயில் பெயருக்குக்கூட ஒரு பல் இல்லை. பிள்ளை பெறுந்தோறும் அவளுடைய பற்களும் போயின. அதை அவள் குறையாகக் கருதியதேயில்லை. தாய்மைக்குச் செலுத்தும் காணிக்கை என்றே எண்ணியிருந்தாள்.

மாமியார் சொற்படி மங்கம்மா பல் விளக்குவதை நிறுத்தினாள். ஆனால் இரத்தம் நிற்கவில்லை. களியை விழுங்கும்போதும் கசிந்தது. உறங்கி எழுந்தால் தலையணையில் கறை இருந்தது. கீழ்வரிசை முன்பற்கள் நான்கின் ஈறும் நாவற்பழம்போல் கருஞ்சிவப்பாகி வீங்கிப் பற்களின்மேல் ஏறியது.

அவ்வட்டாரத்துக் கர்ப்பிணிகளைப் பார்க்க வந்த நர்சு கிருபாராணி, மங்கம்மாவின் வாயைத் திறக்கச் சொல்லி வெளிச்சத்தில் பார்த்தாள்.

"ரத்தம் வருதுன்னு வெளக்காம வுட்டுட்டீங்களா? வெளக்காம வுட்டதாலதான் இவ்ளோ ரத்தம். பிள்ளை உண்டானா ஈறு கொஞ்சம் வீங்கத்தான் செய்யும். அந்த இடுக்குல அழுக்கு தங்கிச்சின்னா கிருமி கூடி ஈற அரிச்சிடும். உப்புத் தண்ணியில கொப்புளிச்சி, மெதுவா வெளக்குங்க. கிருஷ்ணகிரியில பல் டாக்டர் இருக்காரு, பல்லு மேல காரையாட்டம் கட்டியிருக்கறதச் சொரண்டி எடுத்துடுவாரு. பல்லுக்கு ஒண்ணும் ஆவாது."

லட்சுமியம்மாள் குறுக்கிட்டாள். "கிருமி கிருமின்றியே நர்சம்மா, அது கண்ணுக்குத் தெரியுமா?"

"தெரியாது பெரியம்மா. அவ்ளோ சின்னது."

"அப்புறம் நீ எப்படிப் பார்த்தே?"

"நான் படிச்ச எடத்துல பெரிய கண்ணாடி வச்சிக் காட்டினாங்க."

"எங்க ஓசூரு சந்தையில பல்லு புடுங்கற முனிசாமி கண்ணாடியே இல்லாம காட்டறான், போ! கிண்ணத்துல வுழும் பாரு புழு, நெளிய நெளிய!"

நர்சு சிரித்துவிட்டுப் புறப்பட்டாள். வாசல்வரை சென்றவள் திரும்பி, "பல்ல மட்டும் புடுங்கிடாதீங்க. நல்ல பல்லு," என்று கூறிச் சென்றாள்.

மங்கம்மாவின் மனம் இரண்டுபட்டது. நர்சு சொன்னது அவளுக்குப் புதிய செய்தியன்று. தட்டில் தங்கிய மிச்சம் அழுகினால் நோய் வரும்; அந்த நோய் வருவதை எவரும் கண்ணால் காண்பதில்லை; ஆனாலும் வரும். தட்டுக்கு உண்டான நியாயம் வாய்க்கும் உண்டல்லவா? ஆனால் மாமியாரின் சொல்லையும் அவளால் தள்ள முடியவில்லை. பல்லில் குடியிருக்கும் புழு பிள்ளைத்தாய்ச்சியின் வயிற்றுக்கு இறங்கிப் பிள்ளையைத் தின்றுவிடும் என்றாள் லட்சுமியம்மாள். முதலில் புகை போட்டுப் புழுவை எடுக்க வேண்டும். பிறகு அது குடியிருந்த பல்லையும் பிடுங்கிவிட வேண்டும். இல்லையேல் மீண்டும் வரும்.

மெய்யாகவே புழு இருக்குமானால் நான்கு பல் என்ன, வாய் முழுவதையும் பிள்ளைக்காகக் கொடுக்க மங்கம்மா ஆயத்தமாக இருந்தாள். இல்லாத புழுவுக்காக ஒரு பல்லையும் கொடுக்க அவளுக்கு மனமில்லை. ஆகவே, இருக்கிறதா இல்லையா என்று தன் கண்ணாலேயே பார்த்துவிடுவது என்று முடிவு செய்து, சந்தை நாளில் மாமியாருடன் ஓசூருக்குப் பேருந்தேறினாள்.

முனிசாமி புளியமரத்தடியில் அமர்ந்திருந்தான். அவனும் அவன் தகப்பனும் இதுகாறும் பிடுங்கிய பற்களைக் கயிற்றில் கோத்து மாலையாகத் தொங்கவிட்டிருந்தான். அவன் குரல் மூன்று மொழிகளில் சந்தையைச் சுற்றி வந்தது.

"பாருங்க! நோடி! சூடண்டி! பல்லுப் புழு, ஈறுப் புழு, கடவாப் புழு! கண்ணு முன்னாடி எறங்கும்! எங்கப்பா காலத்துத் தொழிலு தாயே, ஏமாத்து வேல கெடையாது!"

அவனது முறை பின்வருமாறு. அகன்ற கிண்ணத்தில் நீர் ஊற்றி, நடுவே ஒரு கல்லை வைப்பான். கல்லின்மேல் பழுக்கக் காய்ச்சிய இரும்புத் தகட்டை வைத்து, எண்ணெயில் பிசைந்த கண்டங்கத்திரி விதையை அதன்மேல் தூவுவான். உடனே ஒரு சட்டியைக் கவிழ்த்து மூடுவான். சட்டியின் அடியிலிருந்த துளையில் ஒரு மூங்கில் குழாய் செருகப்பட்டிருக்கும். அதன் மறுமுனையை வாயில் வைத்துப் புகையை வாங்க வேண்டும். புகை அடங்கிய பின் சட்டியைத் தூக்கினால், கிண்ணத்து நீரில் புழுக்கள் கிடக்கும்.

மங்கம்மா குழாயை வாயில் வைத்தாள். சட்டிக்குள் விதைகள் படபடவென்று வெடித்தன. காரமான புகையில் தொண்டை கமறியது, கண்ணீர் வழிந்தது. முனிசாமி சட்டியைத் தூக்கினான். நீரில் வெள்ளையாக, வளைவு வளைவாக, நூல்போன்ற சிறு உருக்கள் மிதந்தன. கூட்டம் "ஐயையோ!" என்றது.

"பாத்தியாடி?" என்று கைதட்டினாள் லட்சுமியம்மாள். "நர்சு கண்ணுல படாதது முனிசாமி கண்ணுல பட்டுது! சரிப்பா, கொறட்ட எடு. நாலு பல்லையும் புடுங்கிடு."

முனிசாமி குறட்டை எடுத்து வேட்டியில் துடைத்தான். மங்கம்மாவோ கிண்ணத்தின்மேல் குனிந்திருந்தாள். கீழே கிடந்த புளியிலை ஒன்றின் நுனியால் ஒரு புழுவை அள்ளி உள்ளங்கையில் வைத்து, வெயிலை நோக்கித் திரும்பினாள்.

"கொஞ்சம் இருங்க அத்தே. இதுக்குத் தல எங்க?"

"புழுவுக்குத் தல பாக்கறாளாம்! உன்னக் கொத்த வர்றப்ப தெரியும்," என்றான் முனிசாமி. கூட்டம் சிரித்தது.

"தல இல்லாம எதால அரிக்குது? ரெண்டு முனையும் ஒரே மாதிரி இருக்குது. காலு இல்ல. வயித்துல தின்னதோட கருப்பு இல்ல. நான் ஆயிரக்கணக்குல புழுவப் பெத்த தாயாட்டம் வளக்கறேன். செத்த புழுவும் பாத்திருக்கேன், அழுவின புழுவும் பாத்திருக்கேன். மொகம் இல்லாத புழுவ இன்னிக்குத்தான் பாக்கறேன்." அவள் அதை நகத்தால் நசுக்கினாள். விரலில் எண்ணெய்ப் பசை ஒட்டியது. முகர்ந்தாள். "வெதை வாசனைதான் வருது."

"வாய்க்காரியா இருக்கியே!" என்றான் முனிசாமி. "உன் வாயில வச்ச கொழாயிலதான வந்துது? எல்லாரும் பாத்தாங்க இல்ல?"

மங்கம்மா கூட்டத்தைப் பார்த்தாள். பிறகு மாமியாரைப் பார்த்தாள். அவள் அறிவில் ஒரு வழி மின்னிற்று.

"அப்படின்னா இந்தக் கொழாய எங்க அத்த வாயில வைங்க."

"ஏமே, பைத்தியமா?" என்றாள் லட்சுமியம்மாள். "எனக்குப் பல்லு எங்க இருக்குது, புழு வர்றதுக்கு?"

"அதத்தான் அத்தே சொல்றேன். ஒண்ணும் வரக்கூடாது. வரலன்னா நாலு பல்லையும் மறுபேச்சு இல்லாம குடுத்துடறேன்."

"பேச்சு மாறமாட்டியே?"

"மாறமாட்டேன்."

"சரி, வைப்பா!" என்று லட்சுமியம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு சம்மணமிட்டு அமர்ந்தாள். வெற்றி தன்னுடையதே என்பதில் அவளுக்கு ஐயமேயில்லை. முனிசாமி தயங்கினான். "மாடப்பா, மாடு!" என்று அத்திப்பள்ளியிலிருந்து வந்திருந்த மாட்டு வியாபாரிகள், செய்து காட்டும்படி கன்னடத்தில் விரட்டினார்கள். அவன் புது நீர் ஊற்றி, புது விதை தூவிச் சட்டியைக் கவிழ்த்தான். பொக்கை வாய் குழாயைக் கவ்வியது. விதைகள் வெடித்தன.

மங்கம்மா தன் நாக்கால் கீழ்வரிசைப் பற்களை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டாள். சற்று நேரத்தில் அவை அவளுடையனவாக இருக்கலாம், இல்லாமலும் போகலாம்.

சட்டி தூக்கப்பட்டது.

புழுக்கள் கிடந்தன. முன்னைவிட அதிகமாகவே கிடந்தன.

கூட்டம் கிண்ணத்தின்மேல் குனிந்தது. பிறகு யாரோ ஒருவன், "பல்லே இல்லாத வாயில பல்லுப் புழுவா?" என்றான். அவ்வளவுதான், சந்தையே குலுங்கிச் சிரித்தது.

முனிசாமி சிரிக்கவில்லை. பையிலிருந்து ஒரு விதையை எடுத்து, நகத்தால் கீறிப் பிளந்தான். உள்ளே வெள்ளையாகச் சுருண்டிருந்தது முளை; சூட்டில் விதை வெடிக்கும்போது நீரில் தெறித்து விழுவது அதுதான். அதை நெடுநேரம் பார்த்தான். "தாயே, சத்தியமா எனக்குத் தெரியாது," என்றான் தாழ்ந்த குரலில். "எங்கப்பா சொல்லிக் குடுத்ததத்தான் செஞ்சேன். புழுன்னுதான் நெனச்சேன்."

லட்சுமியம்மாளும் சிரிக்கவில்லை. விரலை வாய்க்குள் விட்டு வெற்று ஈறுகளைத் தடவிப் பார்த்தாள். மரத்தில் தொங்கிய மாலையின்மேல் அவள் கண் சென்றது.

"உங்கப்பனும் எனக்கு இதத்தானே காட்டினான்," என்றாள். "ஒவ்வொரு பிள்ளைக்கும் இதே சந்தைக்கு வந்தேன். ஒவ்வொரு தடவையும் இதே வெள்ளப் புழு. நானே வாயத் தொறந்து காட்டினேனே!"

அவள் எழுந்து, மருமகளின் கையைப் பற்றினாள். பிடி இறுக்கமாக இருந்தது.

"நட."

"வூட்டுக்கா அத்தே?"

"கிருஷ்ணகிரிக்கு. அந்த நர்சு ஏதோ டாக்டருன்னாளே, அவருகிட்ட. நாளைக்குப் போவலாம்னு சொல்லாத. என் மனசு மாறிடும்."

பேருந்திலும் மாமியார் அந்தக் கையை விடவில்லை. மருத்துவர் மங்கம்மாவின் பற்களில் காரைபோல் இறுகியிருந்த அழுக்கைச் சுரண்டி எடுத்தபோது அருகில் நின்று, ஒவ்வொரு துணுக்கையும் உற்றுப் பார்த்தாள். "இதுல தல இருக்குதா பாருமே," என்றாள். மருத்துவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. மங்கம்மா வலியை மறந்து சிரித்தாள்.

அன்று தொடங்கி உப்பிட்ட வெந்நீரும் மெல்லிய வேப்பங்குச்சியும் நாள் தவறாமல் மங்கம்மாவின் கைக்கு வந்தன. முதல் சில நாட்கள் இரத்தம் வந்தது. லட்சுமியம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாளே தவிரத் தடுக்கவில்லை. பிறகு வீக்கம் வடிந்தது. பற்கள் நான்கும் நட்ட கல்போல் அசையாது நின்றன. மாதம் நிறைந்து, கிருபாராணியின் கைகளில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. நல்ல எடை, ஊரைக் கூட்டும் குரல்.

பிள்ளை பார்க்க வந்த அண்டை வீட்டு நாராயணம்மா, பிரசவ அறையில் மங்கம்மா பல் விளக்கிக்கொண்டிருப்பதைக் கண்டு திடுக்கிட்டாள்.

"என்னா அக்கா இது? பச்ச ஒடம்புக்காரி பல்லு வெளக்கலாமா? தண்ணி பட்டா ஈறு ஊதிப் பல்லெல்லாம் ஆடிப் போயிடும். நீயாவது சொல்லக்கூடாதா?"

லட்சுமியம்மாள் பேத்தியை மடியில் கிடத்தியிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள்.

"சொன்னேனே! என் மாமியா எனக்குச் சொன்னா, நான் கேட்டேன். இதோ பாரு," என்று பொக்கை வாயை அகலத் திறந்து காட்டினாள். நாராயணம்மா ஓரடி பின்வாங்கினாள். "கேட்டவ வாய் இது. கேக்காதவ வாயப் பாக்கறியா? மங்கா, வாயக் கொப்புளிச்சிட்டு இப்படித் திரும்பு."

"விடுங்க அத்தே, வெக்கமா இருக்குது."

"என்னாடி வெக்கம்? நகை போட்டா காட்டமாட்டியா? நாராயணம்மா, மாட்டுச் சந்தையில பல்லு பாக்கறதுல உன் வூட்டுக்காரன் கெட்டிக்காரன்தான? அவன் பொண்டாட்டி நீ. வா, நல்லா கிட்ட வந்து பாரு. ஆடுதான்னு தொட்டுப் பாரு. பிள்ள பெத்தவ பல்லு, என் மருமவ பல்லு!"

மங்கம்மா வாயைத் துடைத்துக்கொண்டு வெளிச்சத்தை நோக்கித் திரும்பி, பற்கள் முழுவதும் தெரியச் சிரித்தாள்.