இறக்கி வைத்த தண்ணீர்

எனாமல் கிண்ணத்தை வைத்து ஓடையின் நடுவே தோண்டிக்கொண்டிருந்தாள் ஃப்ளோரா. முழங்கை ஆழம் தோண்டியாயிற்று. கசிந்தது தண்ணீர் இல்லை, மஞ்சள் சேறு. ஆஸ்திரேலியாவின் இந்தப் பெண்டிகோ ஊரில் அறுபது வருஷமாகத் தங்கத்தை எடுத்துக்கொண்டவர்கள், அதைக் கழுவிய சேற்றையெல்லாம் இந்த ஓடையில்தான் விட்டார்கள். போதாததற்கு மழையும் பொய்த்துவிட்டது. "நாசமாப் போ!" என்று கிண்ணத்தை வீசியெறிந்தாள். பிறகு அவளே போய் எடுத்துக்கொண்டாள்.

பதினொரு மணிக்குச் சவ வண்டி வந்துவிடும். இந்த வெயிலில் அதற்குமேல் அப்பாவின் உடலை வைத்திருக்க முடியாது. அதற்குள் ஓடுகிற தண்ணீரைக் காசு போட்டு வாங்கி, அவர் முகத்தைத் துடைக்க வேண்டும். துடைக்காத முகத்தோடு போனால், மேலுலகத்தில் இருக்கிற பாட்டன் முப்பாட்டன் யாருக்கும் அடையாளம் தெரியாது, வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். சீனர் வழக்கத்தில் மகன் செய்கிற காரியம் அது. அப்பா லேய் தோங்குக்கு மகன் இல்லை. இவள் ஒருத்திதான்.

வீட்டில், சீனர் சங்கத்திலிருந்து வந்திருந்த குவோக் பெரியப்பா கிண்ணத்தை எட்டிப் பார்த்தார்.

"இது எதுக்கும்மா, சுவர் பூசவா?"

"ஓடையில இதான் பெரியப்பா இருக்கு. குடிக்கிற தண்ணிக் குழாயில பிடிச்சுக்கட்டுமா?"

"குழாய்த் தண்ணிக்கு யார்கிட்ட காசு போடுவே? முனிசிபாலிட்டிகிட்டயா? ஓடுற தண்ணிக்குத்தான் சாமி உண்டு. அதுகிட்டதான் வாங்கணும்."

மூலையில் ஜெபமாலையோடு உட்கார்ந்திருந்த அம்மா பிரிட்ஜெட் தலை நிமிர்ந்தாள். அயர்லாந்துக்காரி. "எங்கிட்ட மாதா கோயில் தீர்த்தம் ஒரு குப்பி இருக்கு."

"உங்க சாமிக்கு அவனைத் தெரியும் தங்கச்சி. எங்க ஆளுங்களுக்குத் தெரியணுமே," என்றார் பெரியப்பா. அதில் கேலி இல்லை.

மேட்டுக் கால்வாய் இரண்டு மைல். விடியற்காலம் ஒரு மணி நேரம்தான் மதகைத் திறப்பார்கள். இப்போது அதுவும் காய்ந்து கிடக்கும். நேற்றுச் சாப்பிடும்போது அந்தக் கால்வாயை வைத்துத்தான் சண்டை.

"அறுபத்தெட்டு வயசுல ரெண்டு மைல் தோள்ல தண்ணி சுமக்கணுமாப்பா? முட்டைக்கோஸ் செத்தா சாகட்டும்!"

"நான்தானே நட்டேன்," என்று அப்பா இன்னும் கொஞ்சம் சோறு போட்டுக்கொண்டார்.

"அப்ப நீயும் அதோட சேர்ந்து சாவு."

அவர் சிரித்தார். விடியற்காலையில் கதவு திறக்கிற சத்தம் கேட்டும் அவள் எழுந்து போகவில்லை. பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள்தான் உயிரில்லாத அவரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

மணி பத்தேகால். தோட்டத்துப் பீப்பாயின் அடியில் கொஞ்சமாவது இருக்காதா? ஓடையில் எடுத்தேன் என்று பொய் சொல்லிவிட வேண்டியதுதான். காலையிலிருந்து போகாத தோட்டத்துக்கு ஓடினாள். பீப்பாய் காய்ந்து வெடித்திருந்தது. அதன் மேலேயே தலையைச் சாய்த்துக்கொண்டாள். பாழாய்ப்போன நாக்கு, அதை அறுத்துப் போட்டால் என்ன?

நிமிர்ந்தபோதுதான் பார்த்தாள். மூன்றாவது வரிசையின் பாதியில், நேற்று ஊற்றி நிறுத்திய இடத்தில், அப்பாவின் இரண்டு பூவாளிகள். பக்கத்திலேயே அவற்றை மாட்டிச் சுமக்கிற தோள்கம்பு. அதற்கு அப்பால் இரண்டு முட்டைக்கோஸ் நசுங்கிக் கிடந்தன. பூவாளிகள் இரண்டும் விளிம்பு வரை நிறைந்திருந்தன. விழுகிறவன் கையிலிருப்பதை அப்படியே போட்டுவிட்டுத்தான் விழுவான். இவர் இரண்டையும் இறக்கி, சிந்தாமல் வைத்துவிட்டு, அப்புறம் விழுந்திருக்கிறார்.

"ஐயோ அப்பா!" என்று அவள் போட்ட சத்தத்தில் பெரியப்பா ஓடி வந்தார்.

"கால்வாய்த் தண்ணி பெரியப்பா. ஓடினதுதான்."

அவர் பூவாளிகளையே பார்த்துக்கொண்டிருந்தார். "இறக்கி வச்சாச்சேம்மா. இனிமே இது லேயோட தண்ணி. யார்கிட்ட வாங்குவே?"

"அவர்கிட்டயே வாங்குறேன்."

பெரியப்பா ஒதுங்கி வழிவிட்டார். காலையிலிருந்து கைக்குள்ளேயே வைத்திருந்த பென்னிக் காசை அவள் பூவாளிக்குள் போட்டாள். கிண்ணத்தைக் கழுவி, ஒரு கிண்ணம் மொண்டாள்.

மூன்று முறை துடைத்தாள். நெற்றியில் ஒட்டியிருந்த தோட்டத்து மண் முதல் தடவையிலேயே போய்விட்டது. மூன்றாவது தடவை அவள் வெறுமனே தடவிக்கொண்டிருந்தாள். பிரிட்ஜெட் எழுந்து வந்து, தன் ஏப்ரன் துணியால் அந்த முகத்தின் ஈரத்தை ஒற்றியெடுத்தாள்.

வண்டி வந்தது. பெட்டியை ஏற்றினார்கள். வண்டிக்காரன் வெயிலைக் காட்டி அவசரப்படுத்தினான். ஃப்ளோராவைக் காணவில்லை.

தோட்டத்தில் அவள் பூவாளிகளை மாட்டித் தோள்கம்பைத் தூக்கப் பார்த்தாள். முதல் தடவை முடியவில்லை. இரண்டாம் தடவை எழுந்துவிட்டாள். கம்பு தோளைக் கடித்தது. அப்பா நிறுத்திய செடியிலிருந்து ஊற்றத் தொடங்கினாள்.

காலையிலிருந்து எல்லாரையும் விரட்டிக்கொண்டிருந்த குவோக் பெரியப்பா வேலியோரம் நின்று பார்த்தார். பிறகு வண்டிக்காரனிடம் திரும்பி, "கொஞ்சம் நில்லுப்பா. இன்னும் அரை வரிசை இருக்கு," என்றார்.

கடைசிச் செடிக்கு அவள் பூவாளியை முழுதாகச் சாய்த்தாள். உள்ளே பென்னி உருண்டு வந்து பூவாளி மூக்கின் தகரத்தில் இடித்து நின்றது. தண்ணீர் மட்டும் வந்தது.