எய்னருக்காக ஒரு ஜெபக்குறிப்பு

"நான் கேட்டேனா? எனக்காக ஜெபம் பண்ணுன்னு உன்கிட்ட கேட்டேனா?"

எய்னர் கதவைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு கத்தியது மூன்று மாடிக்கும் கேட்டது. படிக்கட்டில் மெரெத்தா மீன் வடைப் பொட்டலத்தோடு நின்றாள்.

"கத்தாதீங்க எய்னர். கெட்ட எண்ணத்துல சொல்லல."

"மீன் கடையில, அத்தனை பேர் முன்னால, உங்க சபைக்கார யூத்தே என் தோளைத் தட்டுறா. 'உங்க மகன் உங்களை மன்னிக்கணும்னு நாங்க எல்லாரும் ஜெபிக்கிறோம்'ங்கிறா. கடைக்காரன் மீன் வெட்டுறதையே நிறுத்திட்டான்!"

"ஜெபக்கூட்டத்துல ஆறு பேர்கிட்ட மட்டும்தான்..."

"இந்த எஸ்பியர் ஊர்ல ஆறு பேருக்குச் சொன்னா துறைமுகத்துல திரியற கடற்காக்கைக்கும் தெரிஞ்சிடும். போ!"

கதவு அறைந்து சாத்தப்பட்டது.

எட்டு வருஷம் முன்பு துறைமுகப் பக்கத்துச் சபையில் ஒரு முடிவெடுத்தார்கள். ஆளுக்கு ஒரு பக்கத்து வீட்டுக்காரரோடு நட்பாக இருப்பது. கோவிலுக்கு இழுக்கக் கூடாது, எத்தனை பேரைச் சேர்த்தோம் என்று கணக்குக் காட்டக் கூடாது, வெறும் நட்பு. பலருக்கு அது ஒரு வருஷத்தில் சலித்துப்போனது. மெரெத்தா மட்டும் வியாழன் தவறாமல் எய்னர் வீட்டுக்குப் போனாள். மீன்பிடிக் கப்பலில் உழைத்து ஓய்ந்த மனிதர். முதல் நாளே சொல்லிவிட்டார்: "காபி உண்டு. இயேசுவைப் பத்திப் பேசினா காபி கிடையாது." சரி என்றாள். சீட்டு விளையாடினார்கள். அவர் ஏமாற்றுவார், அவளும் கண்டுகொள்ள மாட்டாள். அவள் அம்மா இறந்தபோது, கோவில் பக்கமே எட்டிப் பார்க்காத மனிதர் கடைசிப் பெஞ்சில் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு அடக்க ஆராதனை முடியும்வரை உட்கார்ந்திருந்தார்.

போன குளிர்காலத்தில்தான் மகன் பென்னியைப் பற்றிச் சொன்னார். குடித்துவிட்டு அவனைப் பெல்ட்டால் அடித்தது, பதினேழு வயதில் அவன் போனது, அப்புறம் ஒரு பேச்சும் இல்லாதது. "இதை யார்கிட்டயும் சொன்னதில்ல" என்றார்.

அந்தப் பாரத்தை அவளால் தனியாகச் சுமக்க முடியவில்லை. கூட்டத்தில், "ஜெபக்குறிப்பு யாருக்காவது இருக்கா?" என்று கேட்டபோது வாய் தானாகத் திறந்துகொண்டது. பிறர் வேதனையைக் கொண்டுவந்து நடுவில் வைப்பதுதான் அவர்களுக்கு அன்பு. தப்பு செய்கிறோம் என்றே அவளுக்குத் தோன்றவில்லை.

அடுத்த வியாழனும் போய்ச் சாத்திய கதவைத் தட்டினாள்.

"மீன் வடை கொண்டுவந்திருக்கேன்."

"பூனைக்குப் போடு."

"உங்ககிட்ட பூனை இல்லையே."

"அதான்."

சிரித்துவிட்டு, உடனே அழுதாள். வசந்தம் வந்த பிறகு அந்தப் பதில்கூட வரவில்லை. உள்ளே ரேடியோ மட்டும் பாடும்.

"விட்டுடு மெரெத்தா, வேற ஆளைப் பாரு" என்றார் பாஸ்டர். "தெருவுக்குத் தெரு தனியா இருக்கிறவங்க இருக்காங்க."

"எனக்கு ஆள் வேண்டாம் பாஸ்டர். எய்னர்தான் வேணும்."

இலையுதிர்காலத்தில் எய்னருக்குப் பக்கவாதம் வந்தது. முதியோர் இல்லத்தில் சேர்த்தார்கள். பேச்சு போய்விட்டது, வலது பக்கம் முழுக்கச் செயலிழந்துவிட்டது.

"வாங்க வாங்க, இவரைப் பார்க்க ஒருத்தர்கூட வரல" என்றாள் நர்ஸ். "சொந்தமா?"

"ஃப்ரெண்டு" என்றாள் மெரெத்தா. சொல்லவே கூச்சமாக இருந்தது.

அறை வாசலோடு நின்றுவிட்டாள். இப்போது அவருக்குச் சாத்தக் கதவில்லை, போ என்று சொல்லக் குரலில்லை. உள்ளே போய் உட்கார்ந்தால் அவர் சகித்துத்தான் ஆகவேண்டும். கேட்காமல் ஜெபித்ததுபோல, கேட்காமல் இதுவும்.

"எய்னர், நான் மெரெத்தா. நான் போகணும்னா கண்ணை மூடுங்க."

அவர் கண்ணை மூடினார்.

போ என்றாரா? அசதியா? கண்ணில் தண்ணீர் வந்ததா? அவளுக்குத் தெரியவில்லை. இன்னொரு முறை கேட்கவும் துணிவில்லை. ஒரு நாற்காலியை இழுத்து, திறந்த கதவுக்கு வெளியே, அவர் கண்ணில் படாத இடத்தில் போட்டு உட்கார்ந்தாள்.

இன்னும் ஒவ்வொரு வியாழனும் அங்கேதான் உட்காருகிறாள். உள்ளே போகவும் மனம் வரவில்லை, விட்டுப்போகவும் மனம் வரவில்லை. வாய்விட்டு ஜெபிப்பதில்லை.

இதைப் படித்த உங்களைத்தான் கேட்கிறேன். உங்கள் ரகசியத்தை வெளியே சொன்ன ஒருத்தி இப்படி வாசலில் உட்கார்ந்திருந்தால், உள்ளே வரட்டும் என்று நினைப்பீர்களா, எழுந்து போகட்டும் என்றா? எதுவானாலும் மறைக்காமல் எழுதுங்கள், தயவுசெய்து.