அழுமூஞ்சி எப்போது சாவாள்

அடுப்பில் பால் பொங்கி வழிகிற வாசனை வந்தது. ஆனாலும் நான் அசையக் கூடாது. வலது கை கதவு நிலையைப் பிடித்திருந்தது, இடது கை வயிற்றின் மேல், முகம் ஜன்னல் பக்கம் பாதி திரும்பியிருந்தது. "இன்னும் கொஞ்சம், கொஞ்சம்" என்றார் என் கணவர், பென்சிலை நிறுத்தாமல். "பாலுங்க" என்றேன், உதட்டை அசைக்காமல். "பேசாத, தாடை மாறுது" என்றார். பால் வழிந்து, தீய்ந்து, வீடு முழுக்க நாறிய பிறகுதான் விட்டார். அப்போதும் உடனே ஓட முடியாது. அவர் குனிந்து என் இரண்டு பாதங்களையும் சுற்றி சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டார். அடுப்பைத் துடைத்துவிட்டு வந்து அதே கோட்டுக்குள் காலை வைத்து நிற்க வேண்டும். எங்கள் வீட்டுத் தரையில் எந்நேரமும் இப்படி ஒரு ஜோடிப் பாதம் இருக்கும். படம் முடிகிறவரை அதைத் துடைக்கக் கூடாது என்பது கல்யாணமான புதிதிலிருந்தே சட்டம்.

அவர் ஓர் இணையப் பத்திரிகைக்குப் படக்கதை வரைகிறவர். புகைப்படத்தைப் பார்த்து வரைய மாட்டார். அதில் ஆள் தட்டையாகிவிடுகிறானாம். கண்ணெதிரே உயிரோடு நிற்கிற ஆள்தான் வேண்டும், அந்த ஆள் பெரும்பாலும் நான்தான். ஆரம்பத்தில் குழந்தைகளுக்காக ஓர் அணில் கதை வரைந்துகொண்டிருந்தார். அணில் கொட்டையை எப்படிப் பிடிக்கும் என்பதற்கும் என்னைத்தான் உட்கார வைப்பார். ஒரு உருளைக்கிழங்கை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, கன்னத்தை உப்பிக்கொண்டு நான் குந்தியிருக்க, அவரால் சிரிப்பை அடக்கிக்கொண்டு கோடு போட முடியாது. அந்த வருஷங்களில் நாங்கள் எவ்வளவு சிரித்தோம்! அணிலைப் பற்றி ஒரு வாசகர்கூடக் கருத்து எழுதவில்லை. அதனால் அதை நிறுத்திவிட்டார்கள்.

பிறகு வந்தவன்தான் கரிமுகன். உலைக்கூடத்தில் வெந்தும் சாகாமல் எழுந்து வந்தவன், வெறுங்கையால் இரும்பை வளைக்கிறவன். முதலில் கெட்டவர்களைப் பிடித்துக் கொடுத்தான். வாசகர்கள் கை தட்டினார்கள். ஒருவனின் முழங்கையை மாற்றி மடக்கினான், இன்னும் பலமாகத் தட்டினார்கள். இப்போதெல்லாம் அவன் யாரையும் பிடித்துக் கொடுப்பதில்லை, கொன்றுவிட்டு வீட்டுக்கு வருகிறான். வீட்டில் ஜன்னலோரம் நின்று அவன் மனைவி அழுவாள். கதையில் அவளுக்குப் பெயர்கூட வைக்கவில்லை. வாசகர்களே வைத்துவிட்டார்கள், அழுமூஞ்சி என்று. மூக்கு, நெற்றி, காதோரத்து மச்சம் எல்லாம் என்னுடையவை.

கரிமுகனுக்காக நிற்பவன் என் தம்பி. லிஃப்ட் மெக்கானிக். தோள் நல்ல அகலம். தொந்தி விழுந்து நாளாயிற்று, அதை மட்டும் இவர் படத்தில் அழித்துவிடுவார். "மாமா, உங்க ரப்பரக் கொஞ்சம் எனக்கும் குடுங்க" என்று அவன் வயிற்றைத் தட்டிக் காட்டுவான். அவன் வருகிற ஞாயிற்றுக்கிழமைகளில்தான் வீட்டில் பேச்சுச் சத்தமே கேட்கும்.

மற்ற நாட்களில் கணவர் ஜன்னலைப் பார்த்துப் போட்ட மேஜையில், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருப்பார். டீயை வைத்தால் கை மட்டும் பின்னால் வந்து எடுத்துக்கொள்ளும். புது சேலை கட்டினாலும் தெரியாது, காய்ச்சலில் படுத்தாலும் தெரியாது. ஆனால் "இங்க வாயேன் கொஞ்சம்" என்று கூப்பிட்டு என்னை நிறுத்திவிட்டால், அந்த நேரம் முழுக்க அவர் கண் என்னை விட்டு நகராது. என் கழுத்து எங்கே தொடங்குகிறது, கண்ணுக்குக் கீழே எத்தனை மடிப்பு, எல்லாம் பார்ப்பார். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு அதுதான் குடும்பம். அதற்காகக் கால் மரத்துப்போகும்வரை நிற்பேன்.

ஆகவே, ஒவ்வொரு இதழுக்கும் கீழே வருகிற வாசகர் கருத்துகளை நான் விடாமல் படிப்பேன். ஒருநாள் சுத்தியல் என்ற பெயரில் ஒருவர் எழுதியிருந்தார்: "இந்த அழுமூஞ்சி எப்போ சாவா? கரிமுகன் கையாலயே சாகணும். அப்பதான் இது கதை." எனக்குச் சுருக்கென்றது. சும்மா விட்டிருக்கலாம். நானும் ஜன்னலோரம் என்று ஒரு பெயரை வைத்துக்கொண்டு உள்ளே போனேன். அவள் ஒருத்தி அழுவதால்தான் அவன் இன்னும் மனிதனாக இருக்கிறான், அவளும் போனால் அவன் வெறும் இயந்திரம் என்று எழுதினேன். "அழறதத் தவிர அவளுக்கு என்ன தெரியும்?" என்று பதில் வந்தது. என்னையே நிறுத்தி வைத்துக் கேட்ட மாதிரி இருந்தது. விடுவேனா? காய் நறுக்கும்போது ஒரு பதில், துணி காயப்போடும்போது ஒரு பதில். அவர்கள் கூட்டமாக வந்தார்கள், நான் ஒருத்தியாகவே மல்லுக்கு நின்றேன். வீட்டில் எதிர்த்து ஒரு வார்த்தை பேசாதவளுக்கு அங்கே வாய் எப்படி நீண்டது என்று எனக்கே ஆச்சரியம்.

ஒரு காலையில் பத்திரிகை ஆசிரியர் கூப்பிட்டார். இவர் கையெல்லாம் மையாக இருந்ததால் போனை ஒலிபெருக்கியில் வைக்கச் சொன்னார். நான் பக்கத்தில் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"கருத்துப் பகுதியப் பாத்தீங்களா?" என்றார் ஆசிரியர். "சுத்தியலோட கருத்து மேலயே நிக்குது. எதுக்குப் பதில் அதிகமா வருதோ அதுதான் மேல நிக்கும். அந்த ஜன்னலோரம்னு ஒருத்தன் இருக்கான் பாருங்க, மகராசன், அவன்தான் விடாமச் சண்டை போட்டுச் சூடேத்தி வெச்சிருக்கான். ஊரே கேக்குது. அடுத்த இதழ்ல அவளை முடிச்சிடுங்க."

"எனக்கு அவ்வளவா மனசில்ல" என்றார் இவர்.

"மனசெல்லாம் அணிலுக்கு வெச்சிருந்தீங்க, என்ன ஆச்சு?" என்றார் ஆசிரியர். இவர் தூரிகையை எடுத்துக் கழுவ ஆரம்பித்தார்.

போனை வைத்த பிறகு மெதுவாகக் கேட்டேன். "அந்த ஜன்னலோரம் என்னங்க எழுதறான்?"

"யாரோ வேலவெட்டி இல்லாத ஆளு" என்றார், தூரிகையைக் கழுவிக்கொண்டே. "ஆனா நல்லா எழுதறான். அவளப் பத்தி யோசிச்சது அவன் ஒருத்தன்தான். நான்கூட அவ்வளவு யோசிச்சதில்ல."

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வாய் வரைக்கும் வந்தது. அவர் முதுகைத் திருப்பிக்கொண்டார், நானும் விழுங்கிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை தம்பி வந்தான். விஷயத்தைக் கேட்டதும் கழற்றிய செருப்பைத் திரும்பப் போட்டுக்கொண்டான். "அக்கா கழுத்த நான் பிடிக்க மாட்டேன் மாமா. வெளாட்டுக்குக்கூட மாட்டேன். உங்க வாசகருங்களுக்கு வேற பொழப்பே இல்லியா?"

"சும்மா கைய வெக்கிறதுதான்டா."

"எதுக்கு வெக்கணும்? படத்துலகூட எதுக்கு?"

கணவர் அவனை வற்புறுத்தவில்லை. சலித்துக்கொண்டவராக நாற்காலியை மேஜைப் பக்கம் திருப்பினார். "சரி, விடு. எத்தன வருஷமா வரையறேன். அவ முகம் எனக்கு மனப்பாடம். பாக்காமயே போட்டுடறேன்."

பாக்காமயே. தம்பியின் கையைப் பிடித்து இழுத்தேன். "பிடிடா."

"அக்கா!"

"பிடிடான்னா. நான்தானே சொல்றேன். இவருக்கு நேர்ல பாத்தாத்தான் சரியா வரும்."

கூடத்துத் தரையில் மல்லாந்து படுத்தேன். தம்பி ஒரு முழங்காலை ஊன்றிக் குனிந்து, சுடுபாத்திரத்தைத் தொடுகிறவனைப் போல என் கழுத்தில் விரல்களை வைத்தான். அந்தக் கையில் எண்ணெய் வாசனை அடித்தது. சின்ன வயதில் நான் சோறு ஊட்டிய வாய் எனக்கு மேலே நடுங்கிக்கொண்டிருந்தது. கணவர் தரையிலேயே சப்பணம் போட்டு உட்கார்ந்து வரைய ஆரம்பித்தார்.

சற்று நேரத்தில் பென்சிலை நிறுத்தினார். "கண்ணு சரியில்ல. வழக்கமா ஜன்னல்ல அழற மாதிரியே வெச்சிருக்க. பயம் வரணும்."

"எப்படிங்க வரும்? இவன் என் தம்பி."

"என்னப் பாரு" என்றார்.

பார்த்தேன். அவர் முகம் மலர்ந்திருந்தது. அணில் காலத்துக்குப் பிறகு அந்த வெளிச்சத்தை அவர் கண்ணில் நான் பார்த்ததே இல்லை. அவர் என்னை எவ்வளவோ உற்றுப் பார்த்தார். போதும், எழுந்திரு என்று ஒரு வார்த்தை அதற்குள் எங்காவது இருக்குமா என்று நானும் உற்றுப் பார்த்தேன். அந்தப் பார்வையில் என் மூக்கு இருந்தது, மச்சம் இருந்தது, மடிப்புகள் இருந்தன. நான் இல்லை.

"ஆ, அதேதான்! அப்படியே இரு, அசையாத" என்று அவர் கத்தினார். பென்சில் பறந்தது.

தம்பி கையை எடுத்துவிட்டு எழுந்து போய்க் குழாயடியில் நெடுநேரம் கை கழுவினான். சாப்பிடாமலே போய்விட்டான். எனக்கு இன்னும் வேலை இருந்தது, செத்துக் கிடக்கிற கட்டம் பாக்கி. அதற்கு நடுவில் தண்ணீர் குடிக்க எழுந்திருக்கட்டுமா என்று கேட்டேன். அவர் சாக்பீஸை எடுத்துக்கொண்டு தலையில் ஆரம்பித்து, தோள், விரித்த கை, இடுப்பு, கால் என்று என்னைச் சுற்றி முழுசாக ஒரு கோடு போட்டுக்கொண்டார்.

இதழ் வந்தது. சுத்தியல்தான் முதலில் எழுதியிருந்தார்: "இப்படி இருக்கும்னு நெனைக்கல. அந்தக் கண்ணு மனச விட்டுப் போகவே மாட்டேங்குது. பாவம் அவ." அதற்கு நூற்றுக்கணக்கில் பதில். வரிசையாக எல்லாரும் பாவம், பாவம் என்று எழுதியிருந்தார்கள். ஜன்னலோரம் எங்கே, அவருக்கு ஆறுதல் சொல்லுங்கள் என்றுகூட ஒருவர் கேட்டிருந்தார். நான் ஒன்றும் எழுதவில்லை. இனி அங்கே எனக்கு யாரும் இல்லை.

வீட்டிலும் நான் தேவைப்படவில்லை. கரிமுகன் இப்போது தனி ஆள், பாலங்களையும் கட்டடங்களையும் இடித்துக்கொண்டு திரிகிறான். அவற்றுக்கெல்லாம் யாரும் நிற்க வேண்டாம். தம்பி போனில் பேசுகிறான், வீட்டுக்கு வருவதில்லை. டீயை வைத்தால் கை பின்னால் வந்து எடுத்துக்கொள்கிறது. கூடத்துத் தரையில் என் கோடு மட்டும் இருக்கிறது. துடைக்கும்படி அவர் சொல்லவில்லை, மறந்திருப்பார். நான் தினமும் அதைச் சுற்றியே துடைக்கிறேன்.

இன்று சாயங்காலம் பாலை அடுப்பில் வைத்துவிட்டு, தரையைத் துடைக்க வந்தேன். காலருகில் கோடு லேசாக மங்கியிருந்தது. துணியை ஓரமாக வைத்தேன். உட்கார்ந்து, பிறகு படுத்துப் பார்த்தேன். தலையை அதன் இடத்தில் வைத்தேன், கையை விரித்தேன், காலை மடக்கினேன். எல்லாம் அளவாகப் பொருந்தியது. அறைக்குள்ளே பென்சில் உரசுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் பால் பொங்கும் வாசனை வந்தது, பிறகு தீய்கிற வாசனை.

"பால் தீயுது பாரு" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

நான் எழுந்திருக்கவில்லை. பென்சில் சத்தம் நின்றது. கை கால் எதுவும் கோட்டைத் தாண்டாமல், கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு, நாற்காலி நகர்கிறதா என்று கேட்டபடியே கிடந்தேன்.