ஆறாவது பாட்டின் மீதி

முன்வரிசையில் இடம் காலியாக இருந்தும் ஓட்வார் சுவரோரமாகப் போய் உட்கார்ந்தார். பெர்கன் துறைமுகத்துக்குப் பின்னாலுள்ள சந்தில் இருக்கும் இசைத்தட்டுக் கடையின் நிலவறை அது. டிசம்பர் சனிக்கிழமை, மாலை நாலு மணி ஆகவில்லை, வெளியே இருட்டிவிட்டிருந்தது. பெரிய கம்பெனிகளின் தயவில்லாமல் அந்த வருடம் ஆல்பம் போட்டவர்களைப் பற்றி வருடக் கடைசியில் இங்கே ஒரு கூட்டம் நடக்கும். கடைக்காரன் ஹோகன் மேடையில் மைக்கைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் மாரித் என்ற பெண், பத்திரிகையில் இசை விமர்சனம் எழுதுகிறவள்.

ஓட்வார் கார்களை ஏற்றிச் செல்லும் படகில் இயந்திரம் பார்க்கிறவர். அறுபத்தொரு வயதுவரை பாட்டுக்காக ஒரு பைசா செலவழித்ததில்லை. மார்ச் மாதம் இந்தக் கடையின் சன்னலில் மகள் இங்வில்லின் முகத்தைப் பார்த்ததுதான் தொடக்கம். அவள் பாடிப் போட்ட ஆல்பத்தின் சாம்பல் நிற அட்டையில் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். உள்ளே போய் வாங்கிவிட்டார். வீட்டில் இசைத்தட்டைப் போடப் பாட்டுப்பெட்டி இல்லாததால் மறுநாள் அதையும் வாங்கினார்.

அதன்பிறகு நிறுத்தத் தெரியவில்லை. மாதத்துக்கு ஒருமுறை வந்து, ஹோகன் எடுத்துக் கொடுப்பதையெல்லாம் வாங்கிப் போனார். தேவாலய ஆர்கனை மட்டும் வைத்துக்கொண்டு முனகிய ஒருத்தி, மாறி மாறிக் கத்திய அண்ணன் தம்பி, பனியில் நடக்கும் சத்தத்தையே பாட்டாக்கிய ஒரு கிழவர். பலதும் பிடிக்கவில்லை. ஆனாலும் மகள் எந்த ஆட்களுக்கு நடுவே வாழ்கிறாள் என்று தெரிந்துகொள்ள அவருக்கு வேறு வழியில்லை. படகின் ஓய்வறையில் போட்டால் கூட வேலை பார்க்கிறவர்கள் சும்மா விடுவதில்லை. "ஏம்ப்பா ஓட்வார், இதுல இன்னைக்கு யாரு செத்துட்டாங்க?" என்பார்கள். அவரும் சிரித்துவைப்பார்.

செத்தது அவர் மனைவி. இரண்டு வருடத்துக்கு முன் தேவாலயத்தில் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்று இங்வில் பாடினாள். முதல் அடிகளில் தாங்கிக்கொண்டார். பிறகு குரல் ஓரிடத்தில் மேலே ஏறியபோது, அடுப்படியில் பாத்திரம் துலக்கிக்கொண்டே மனைவி பாடும் அதே இழுப்பு அப்படியே வந்தது. எழுந்து, எல்லோரும் பார்க்க நடுவழியாக நடந்து வெளியே போய்விட்டார். கல்லறைத் தோட்டத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்ததை யாரும் பார்க்கவில்லை. திரும்பி வந்தபோது பாட்டு முடிந்திருந்தது. மகள் எதுவும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அடுத்த வாரமே அவள் வடக்கே திரொம்சோவுக்குப் போய்விட்டாள். கூப்பிட்டால் எடுக்கமாட்டாளோ என்று பயம். எடுத்துவிட்டால் என்ன பேசுவது என்று அதைவிடப் பயம்.

பக்கத்து நாற்காலிப் பெண்மணி இஞ்சி பிஸ்கட் தட்டை நீட்டினாள். "உங்களுக்கு இந்த வருஷம் எது புடிச்சுது?"

"பனியில நடக்கறாரே, அந்தப் பெரியவரு," என்றார் ஓட்வார். பொய்தான்.

மேடையில் ஒவ்வொரு ஆல்பமாகப் பேச்சு நகர்ந்தது. இங்வில்லின் சாம்பல் அட்டையை ஹோகன் தூக்கிக் காட்டியபோது ஓட்வார் பிஸ்கட்டை மடியில் வைத்துவிட்டார். ஆறாவது பாட்டைப் போட்டார்கள். அம்மாவுக்காகப் பாடும் ஒரு பெண். நடுவில் எழுந்து போகும் அப்பா. கதவு சாத்தும் சத்தம். அத்தோடு பாட்டு பாதி வரியில் அறுந்துவிடும்.

"இந்த வருஷத்துலயே துணிச்சலான முடிவு இதான்," என்றாள் மாரித். "ஆனா அந்த ஆள் மேல எனக்கு அப்படி ஒரு கோவம். பொண்டாட்டி பெட்டிக்குள்ள கெடக்கறா, மக பாடறா, இவன் பாட்டுக்கு எந்திரிச்சுப் போறான். மனுஷனா, கல்லா?"

பின்னால் யாரோ "கல்லுதான்" என்றார்கள். சிலர் சிரித்தார்கள். பக்கத்துப் பெண்மணியும் தலையை ஆட்டினாள். ஓட்வார் தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஹோகன் போனில் யாரையோ அழைத்து, மைக்குக்குப் பக்கத்தில் வைத்தான். "இங்வில், கேக்குதா? உங்களப் பத்திதான் பேசிட்டிருக்கோம்."

"கேக்குது. திட்டுறீங்களா?" அறை முழுக்க அவள் குரல். ஓட்வாருக்கு முதுகு நிமிர்ந்துகொண்டது. இரண்டு வருடத்தில் அவள் பாடித்தான் கேட்டிருக்கிறார், பேசி இல்லை.

"உங்கப்பா இதக் கேட்டாரா?" என்றாள் மாரித்.

"எங்கப்பா பாட்டெல்லாம் கேக்கமாட்டாரு," என்றாள் இங்வில். குரலில் கோபம் இல்லை. அதுதான் அவரைக் குத்தியது.

கூட்டத்தில் யாருக்காவது கேள்வி இருக்கிறதா என்றான் ஹோகன். மைக் வரிசையாகக் கைமாறி வந்தது. பக்கத்துப் பெண்மணி அதை ஓட்வாரிடம் தந்தாள், அவர் பின்வரிசைக்கு அனுப்புவதற்காக. அவர் அனுப்பவில்லை. நடந்ததையெல்லாம் சொல்லிவிடலாம் என்று நினைத்தார். அத்தனை பேர் முன்னால் வாந்தி, சுவர் என்று எப்படிச் சொல்வது?

"அந்த ஆறாவது பாட்டு," என்றார். "பாதியில நின்னுடுது. மீதி இருக்கா?"

லைன் போய்விட்டதோ என்று ஹோகன் குனிந்து பார்த்தான்.

"இருக்கு," என்றாள் இங்வில். "பதிவு பண்ணல."

"ஏன்?"

"கேக்க ஆள் இல்லைனு நெனச்சேன்."

மாரித் அதை அழகான பதில் என்றாள். சிலர் கை தட்டினார்கள். "நன்றி இங்வில், அடுத்த ஆல்பத்துக்குப் போவோம்," என்று ஹோகன் போனின் சத்தத்தைக் குறைத்து, திரை கூட்டத்தைப் பார்க்கும்படி மேசையில் சாய்த்து வைத்துவிட்டு அண்ணன் தம்பியின் பாட்டைப் போட்டான். அறை அதிர்ந்தது. பக்கத்துப் பெண்மணி மைக்குக்காகக் கை நீட்டிக் காத்திருந்தாள், ஓட்வார் கொடுக்கவில்லை. அவர் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார். சத்தம் இறக்கிய அந்தப் போனில், இங்வில் இன்னும் இணைப்பைத் துண்டிக்காததால், நொடிகள் ஒவ்வொன்றாக ஏறிக்கொண்டிருந்தன.