கட்டம் கட்டமாக வந்த செய்தி

"இனிமே கட்டம் கட்டமா வராதுக்கா. யார் வேணா படிக்கலாம்" என்று நான் சொன்னதும் அந்த அக்காவின் முகத்திலிருந்த சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. அதுவரை பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்து, முந்தானையால் விசிறிக்கொண்டே, எந்த ஊர், என்ன படிப்பு, இங்கே எதற்கு வந்திருக்கிறோம் என்று அன்பாக விசாரித்துக்கொண்டிருந்தவர். சிதம்பரத்தில் இன்ஜினியரிங் கடைசி வருஷம், இந்த மருந்தகத்திலிருந்து உங்கள் போனுக்கு மெசேஜ் வருகிறதே, அதைச் சரிசெய்து கொடுத்ததே நாங்கள்தான் என்று நானும் பெருமையாக அளந்துவிட்டிருந்தேன். ஒரு 'நல்லாயிரும்மா' வராதா என்று காத்திருந்தேன் என்றுகூடச் சொல்லலாம்.

"யார் வேணான்னா?" என்றார்.

"உங்க வீட்டுல யாரு போனை எடுத்தாலும் படிச்சிடலாம்."

"அதுல இன்னான்னு போட்டிருக்கும்?"

நான் என்கூட வந்திருந்த ஆரோக்கியராஜைப் பார்த்தேன். அந்த வேலையைச் செய்தவன் அவன். ஆர்வமாக முன்னால் வந்து ஒப்பித்தான். "மாத்திரை வாங்க நாளை வரவும்னு வரும்க்கா. அதுக்குக் கீழ, எந்தப் பிரிவுக்கு வரணும்னு..." என்று சொல்லிக்கொண்டே வந்தவன் பாதியில் நிறுத்தினான். வாய் திறந்தபடியே இருந்தது. அவன் எதை யோசித்தானோ அதை அதே கணத்தில் நானும் யோசித்துவிட்டேன்.

மஞ்சக்குப்பத்தில் ஒரு சந்துக்குள் இருக்கிறது அந்த மருந்தகம். சர்க்கரை, டி.பி., ஹெச்.ஐ.வி. என்று மூன்று பிரிவு. வெளியே போர்டில் 'நலவாழ்வு மையம்' என்று மட்டும் எழுதியிருக்கும். உள்ளே யாரையும் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள், டோக்கன் நம்பர்தான். யார் எந்த வியாதிக்கு வந்தார் என்று பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாது. இவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்கிற இடத்தில்தான் நாங்கள் போய்க் கை வைத்திருக்கிறோம்.

அங்கே ஓடும் சாப்ட்வேர் காசு கொடுத்து வாங்கியதல்ல. ஏழை நாட்டு மருத்துவமனைகளுக்கென்று உலகத்தில் பலபேர் சேர்ந்து எழுதி, யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம், திருத்தலாம் என்று இணையத்தில் போட்டு வைத்திருப்பது. எங்கள் வகுப்பில் பாதிப்பேர் பாண்டிச்சேரிக்குப் போய் ரெடிமேடாக ப்ராஜெக்ட் வாங்கி வந்து அட்டை போட்டுக்கொண்டிருந்தபோது, நானும் ராஜும் மட்டும் இதைப் பிடித்துக்கொண்டோம். மருந்து வாங்க வேண்டிய நாளை நோயாளிக்கு முதல் நாளே அது மெசேஜில் ஞாபகப்படுத்தும். மெசேஜ் தமிழ் எழுத்தில் போனது. எங்கள் ஊர்ப் பக்கத்துச் சாதா போன்களுக்குத் தமிழ் எழுத்து தெரியாதே, எல்லாம் கட்டம் கட்டமாக வந்து நின்றது. 'ஐயோ பாவம், படிக்க முடியாமல் இந்த ஜனங்கள் எப்படித்தான் மருந்து வாங்குகிறார்களோ' என்று நாங்கள் இரண்டுபேரும் உருகினோம். தமிழையே இங்கிலீஷ் எழுத்தில் போகும்படி ராஜ் மாற்றினான். என் பங்கு வேறு. இங்கே தினம் கரண்ட் போகிறது, அந்த நேரத்து மெசேஜ் எல்லாம் அம்போ என்று போய்விடுகிறது. கரண்ட் வந்ததும் கம்ப்யூட்டர் தானே எழுந்து, விட்டுப்போனதை ஒன்றுவிடாமல் அனுப்பும்படி நான் எழுதினேன். 'உங்கள் ஊரில் ஏன் தினம் மின்சாரம் போகிறது?' என்று எங்கள் வேலையைச் சரிபார்த்த வெளிநாட்டுப் பெண் கேட்டாள். புயலடித்து மரமெல்லாம் சாய்ந்ததையும், அதற்கு முன்னாலும் இப்படித்தான் என்பதையும் எழுதினேன். 'அருமையான வேலை' என்று அவள் அனுப்பிய பதிலை ராஜ் பிரின்ட் எடுத்து ஹாஸ்டல் சுவரில் ஒட்டினான்.

சோதித்துப் பார்க்காமல் இல்லை. ராஜின் அப்பாவுக்குச் சர்க்கரை. அவர் நம்பரைப் போட்டு அனுப்பினோம். கடைசி வரியில் 'சர்க்கரைப் பிரிவு' என்று அழகாக வந்தது. கைதட்டினோம். அந்த இடத்தில் வேறு என்னென்ன வரும் என்று எங்கள் இரண்டு மண்டைக்கும் தோன்றவில்லை. அந்த வரி ஆரம்பத்திலிருந்தே இருந்ததுதான். கட்டத்துக்குள் இருந்தவரை யாருக்கும் தொல்லையில்லை.

நேற்றுச் சாயங்காலம் நாங்களே வந்து புதியதை ஏற்றிவிட்டுப் போனோம். முதல் மெசேஜ் போவதைக் கண்ணால் பார்க்க இன்று காலையில் பஸ் ஏறி வந்தால், கரண்ட் இல்லை. கம்ப்யூட்டர் அறை பூட்டியிருந்தது. சரி, வரட்டும் என்று பெஞ்சில் உட்கார்ந்து கதை பேசினோம். நாங்கள் எழுதியதுதான் கதவுக்குப் பின்னால் கரண்டுக்காகக் காத்திருந்தது.

"எனக்கு நாளைக்குத்தான் தேதி" என்றார் அந்த அக்கா. குரல் சுத்தமாக இறங்கியிருந்தது. "நாளைக்கு ஸ்கூலுக்கு ஆபீசர் வர்றாங்க. நான் சத்துணவு சமைக்கிறேன், மேல்பட்டாம்பாக்கம் பக்கத்துல. அதான் பல்லு வலின்னு சொல்லிட்டு இன்னிக்கே ஓடியாந்தேன். அப்போ எனக்கு மெசேஜ் இன்னிக்கு வருமா?"

"போன் இருக்காக்கா உங்ககிட்ட?"

"வீட்டுல கெடக்குது. மூணு குடும்பத்துக்கும் ஒரே போனு. எங்க ஓரகத்திதான் வச்சிருப்பாங்க." என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "கட்டமா வந்தா ஏதோ கோளாறுன்னு தூக்கிப் போட்டுடுவாங்கம்மா. நான் அதைப் பாத்தா தேதி வந்துட்டுதுன்னு தெரிஞ்சுக்குவேன். எனக்கு அது போதுமே. உங்களை யாரு இதை மாத்தச் சொன்னது? நாங்க கேட்டோமா?"

என்னை அருகே இழுத்துக் குரலைத் தாழ்த்தினார்.

"எங்க வூட்டுக்காரரு இன்னாத்துல செத்தாருன்னு இன்னி வரைக்கும் அங்க யாருக்கும் தெரியாது. மஞ்சக்காமாலைன்னு சொல்லி வச்சிருக்கேன். எனக்கு இதுன்னு தெரிஞ்சா, நான் ஆக்கின சோத்தை அந்தப் புள்ளைங்களைத் தின்ன விடுவாங்களா? அந்த வேலையில்லன்னா நான் எங்க போவேன்?"

ராஜ் அதற்குள் உள்ளே ஓடி, ஆலோசகர் ஜோதிலட்சுமி மேடத்தை இழுத்துக்கொண்டு வந்திருந்தான். சாவி கம்ப்யூட்டர் ஆபரேட்டர் உத்திராபதியிடம். அவர் கலெக்டர் ஆபீசில் மீட்டிங். மேடம் போன் போட்டுப் பார்த்தார், மணி அடித்துக்கொண்டே இருந்தது. இன்னொரு சாவி டாக்டரிடம், டாக்டர் பாண்டிச்சேரியில்.

"மெயின் பீஸைப் புடுங்கிடலாம் மேடம்" என்றேன்.

"மெயின் பெட்டியும் அந்த ரூமுக்குள்ளதாம்மா இருக்குது."

"அப்போ பூட்டை ஒடைக்கிறேன்" என்றான் ராஜ். மேடம் அந்த அக்காவைப் பார்த்தார். "ஒடைடா. நான் பாத்துக்குறேன்" என்றார். அவன் சந்து முனை சைக்கிள் கடைக்கு ஓடிப்போய் ஒரு கம்பியை வாங்கி வந்து கொண்டியில் நுழைத்து நெம்ப ஆரம்பித்தான். அவனுக்கு ஒட்டடைக் கம்பு பிடித்தே பழக்கமில்லை. கம்பி வழுக்கி விரலைக் கிழித்தது. உதறிக்கொண்டு மறுபடி நெம்பினான்.

அந்த வருஷம் தமிழ்நாடே கரண்ட் வரவேண்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தது. வரக் கூடாது என்று வேண்டிக்கொண்டவர்கள் நாங்கள் நாலுபேராகத்தான் இருக்கும்.

"வீட்டுக்கு ஒரு போன் போட்டுக் குடு" என்றார் அக்கா. நம்பரைச் சொல்லச் சொல்ல அழுத்தினேன். எதிர்முனையில் எடுத்தவர் குரல் வெண்கலக் குரல், பக்கத்தில் நின்ற எனக்கே தெளிவாகக் கேட்டது.

"அக்கா, நான் குணா பேசுறேன்." அவர் பேர் அப்போதுதான் எனக்குத் தெரியும். "வேற ஒருத்தவங்க போன்லேருந்து. அக்கா, நம்ம போனைக் கொஞ்சம் ஆஃப் பண்ணி வையேன். சார்ஜ் நிக்கல, நேத்தே பாத்தேன்."

"அதெல்லாம் நிக்குது. உங்க மாமா நெல்லிக்குப்பத்துல கரும்பு எறக்கிட்டுப் பேசுறேன்னிருக்காரு. ஆஃப் பண்ணா வந்து ஆடுவாரு. பல்லுக்கு இன்னா சொல்றாரு டாக்டரு?"

"புடுங்கணும்கிறாரு. கூட்டம் ஜாஸ்தி." குணாக்கா கண்ணை மூடிக்கொண்டார். எனக்குப் புரிந்தது. போன் காதில் இருக்கிறவரை அந்தம்மாவால் மெசேஜைத் திறக்க முடியாது. அதனால் பேச்சை வளர்த்தார். கோழிக்குத் தீனி போட்டாயா என்றார். ரேஷனில் பாமாயில் போட்டார்களா என்றார். கொடியில் காயும் துணியை எடுத்து வை என்றார். "இன்னாடி இன்னிக்கு ஒரே கரிசனம்?" என்று அந்தப் பக்கம் சிரித்தது. இவரும் சிரித்தார். சிரிக்கும்போது என் மணிக்கட்டில் அவர் நகம் பதிந்தது.

தலைக்கு மேல் மின்விசிறி முனகிக்கொண்டு சுற்ற ஆரம்பித்தது.

பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாரும் 'அப்பாடா' என்றார்கள். பூட்டிய கதவுக்குப் பின்னால் கம்ப்யூட்டர் எழும் சத்தம் கேட்டது. நான் எழுதியபடியே, ஒரு பிசகில்லாமல். அது எழ இரண்டு மூன்று நிமிஷம் ஆகும், பிறகு சில நிமிஷம் விட்டு விட்டு ஒவ்வொன்றாக அனுப்பும். "டேய் ராஜ்!" என்று கத்தினேன். அவன் காலைச் சுவரில் உதைத்துக்கொண்டு முழு உடம்பையும் கம்பியில் போட்டுத் தொங்கினான். மேடமும் போய்ப் பிடித்துக்கொண்டார்.

எங்களுக்கு எதிரே, ரத்தம் சோதிக்க வந்திருந்த பெரியவரின் சட்டைப் பையில் போன் கூவியது. எடுத்துப் பார்த்தவர், வழக்கம்போல யார் கிடைப்பார்கள் என்று தேடி, என்னிடம் நீட்டினார். "இது இன்னா சொல்லுது பாரு பாப்பா." சர்க்கரைப் பிரிவு. "நாளைக்கு மாத்திரை வாங்க வரச் சொல்லுது தாத்தா" என்றேன். "அட, இப்ப படிக்க வருதே! இத்தினி நாளும் ஒண்ணும் புரியாம முழிச்சேன்" என்று பக்கத்தில் இருந்தவரிடம் காட்டி மகிழ்ந்துபோனார். இந்தச் சந்தோஷத்தைப் பார்க்கத்தான் நான் பஸ் ஏறி வந்தது. அந்த நேரத்தில் அவரைப் பிடித்து உலுக்கலாம் போல ஆத்திரம் வந்தது, அவர் என்ன பாவம் செய்தார்!

குணாக்கா இன்னும் பேசிக்கொண்டிருந்தார். வார்த்தை தீர்ந்துபோய், சொன்னதையே சொன்னார்.

"இரு இரு" என்றது வெண்கலக் குரல். "காதுல கிய்யுனு ஏதோ கத்துது. மெசேஜ் போலருக்கு. ஒருவேளை உங்க மாமாவோ இன்னாவோ. வையி, பாத்துட்டுப் பேசுறேன்."

"அக்கா, வைக்காத."

"இன்னாடி?"

"படிக்காதக்கா." விசிறிச் சத்தத்துக்கு மேல் அவர் குரல் எழவே இல்லை. "அதை நீ படிக்காத. நானே சொல்றேன்."

என் மணிக்கட்டை விட்டுவிட்டு, போனோடு எழுந்து வாசலுக்குப் போனார். சந்தில், புயலில் ஒடிந்து கிடந்த வேப்ப மரத்தை அறுத்து அடுக்கியிருந்த இடத்தில், எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றார். என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. வலது கையால் வாயை மறைத்துக்கொண்டு பேசினார். தோள் மட்டும் ஒருமுறை ஏறி இறங்கியது.

பின்னால் கொண்டி மரத்தோடு பிய்ந்து விழுந்தது. கொஞ்ச நேரம் கழித்து ராஜ் வெளியே வந்தான். மெசேஜ் அனுப்பும் டாங்கிளைப் பிடுங்கிக் கையில் வைத்திருந்தான். சட்டையெல்லாம் ரத்தமும் துருவும். மூச்சு வாங்க, பல்லெல்லாம் தெரியச் சிரித்தான்.

"நிறுத்திட்டேன் வெண்மதி! ஒண்ணே ஒண்ணுதான் போயிருக்குது, அந்தத் தாத்தாவோடது. அடுத்தது போறதுக்குள்ள புடுங்கிட்டேன். அந்த அக்காவோடது போகவே இல்ல. சொல்லு, அவுங்ககிட்ட ஓடிப் போய்ச் சொல்லு!"

நான் அவனைப் பார்த்தேன். அப்படியானால் அங்கே கத்தியது எது? காலர் ட்யூன் விற்கிற எவனோவா, இல்லை நெல்லிக்குப்பத்திலிருந்து அந்த மாமாவேவா? "ஏன் இப்படிப் பாக்குற?" என்றான் ராஜ். சிரிப்பு இன்னும் அவன் முகத்தை விட்டுப் போகவில்லை.

குணாக்கா திரும்பி வந்தார். அழுதிருக்கவில்லை. வெயிலில் வெகுதூரம் நடந்து வந்தவர் போலத்தான் இருந்தார். போனை என்னிடம் நீட்டினார்.

"காசு தீந்துபோச்சு போலருக்குது, கட் ஆயிட்டுது. நான் சொன்னேன். அவுங்க ஒண்ணும் சொல்லல. சொல்றதுக்குள்ள கட் ஆயிட்டுது."

நான் வாயைத் திறந்தேன். உங்கள் மெசேஜ் போகவில்லை அக்கா என்று சொல்லத்தான். சொன்னால் என்ன ஆவார், சொல்லாவிட்டால் என்ன ஆவேன்? அப்போது என் கையிலேயே போன் அடித்தது. திரையில் பேர் இல்லை, கொஞ்ச நேரத்துக்கு முன்னால் நான் அழுத்திய அதே நம்பர்.

இரண்டுபேரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அது பாட்டுக்கு அடித்தது. குணாக்கா வலது கையைப் புடவையில் மெதுவாக, ஒவ்வொரு விரலாகத் துடைத்துக்கொண்டு, கையை நீட்டினார்.