ராகினி துடைத்த கட்டங்கள்

பாச்சாங்கில் தான் வேலை செய்யும் அச்சுக்கடையின் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, உள்ளே ராகினி அழுதுகொண்டிருந்தாள். கூட்டிப்போக வந்த அண்ணன் விமலன் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டுக் குனிந்து நுழைந்தான்.

"என்னா இது? முதலாளி ஏசினாரா?"

"அவரு ஈப்போ போயிட்டாருண்ணே. நாந்தான் ஒரு தப்பு பண்ணிட்டேன். அம்மாகிட்ட சொல்லிறாத லா."

"மொதல்ல எங்கிட்ட சொல்லு. அம்மா கேஸ பெறவு பாப்போம்."

கிளேபாங்கில் நாசி லெமாக் சோறு விற்கும், இவர்களுக்கு நெடுநாள் பழக்கமான மலாய்க்கார அத்தை மக்சிக் ரொக்கியாவின் வீட்டில் மறுநாள் கெண்டூரி விருந்து. கணவர் இறந்து நாற்பதாம் நாள். வருகிறவர்கள் கையில் கொடுக்க ஓர் அரபுப் பிரார்த்தனை அட்டை வேண்டும். கோலாலம்பூரில் வேலை செய்யும் மகன் அஸ்மான் அதை ஆபீஸ் கம்ப்யூட்டரில் தட்டி, டிஸ்கெட்டை பஸ்ஸில் கொடுத்தனுப்பியிருந்தான்.

கடைக் கம்ப்யூட்டரில் திறந்தால், எழுத்துகளுக்கு நடுவே எங்கு பார்த்தாலும் குட்டிக் குட்டிக் கட்டங்கள். போன மாதம்தான் வைரஸ் புகுந்து கடையிலிருந்த கல்யாணப் பத்திரிகைகளையெல்லாம் தின்று தீர்த்திருந்தது. சூடுபட்ட பூனையாக இருந்த ராகினி ஒரே கட்டளையில் அத்தனை கட்டங்களையும் துடைத்தாள். டிஸ்கெட்டிலும் அப்படியே பதிந்தாள். ஒரு கட்டு அட்டை அச்சாகி விழுந்த பிறகு, வேறொரு வீட்டுக்கு அடித்த பழைய அட்டையை எதேச்சையாகப் பக்கத்தில் வைத்தாள். அதில் எழுத்துகளின் தலைமேலும் காலடியிலும் சின்னச் சின்னக் கோடுகள், சுழிகள். இவள் அடித்ததில் எல்லாம் மொட்டை.

"அவங்க சாமி விஷயம்ணே. நான் வேணும்னே பண்ணிட்டேன்னு நெனச்சா?"

"மக்சிக்கா? ஒன்னயா?"

"ஒண்ணும் சொல்லாம சிரிச்சிட்டு, பெறவு நம்மள யாரோ மாதிரி பாத்தாங்கன்னா? அதான்ணே பயமா இருக்கு."

விமலன் அட்டைக் கட்டைத் தூக்கினான். "ஹெல்மெட்ட போடு. அழுத மூஞ்சி வெளிய தெரியாது."

கிளேபாங் கடையில் அஸ்மான் கெண்டூரிக்காக வந்திறங்கி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தான். ராகினி மலாயில் ஒரே மூச்சில் கொட்டித் தீர்த்தாள். அஸ்மானின் கத்தி நின்றது.

"வைரஸா? உச்சரிப்பக் காட்டுற ஒவ்வொரு கோட்டுக்கும் கம்ப்யூட்டருக்குள்ள ஒரு நம்பர் இருக்கு. என் ஆபீஸ் மெஷினுக்கு அது தெரியும். உங்க மெஷினுக்குத் தெரியல, கட்டம் போட்டுக் காட்டிருக்கு. ரெண்டு ராத்திரி ஒக்காந்து ஒண்ணொண்ணா போட்டேன்!"

மக்சிக் அட்டையைப் பார்த்தார், மகனைப் பார்த்தார். திடீரென்று குலுங்கிச் சிரித்தார். "சின்னப் பிள்ளையில குர்ஆன் ஓத அனுப்பினா சுவரேறிக் குதிச்சு ஓடுவான். அப்பாவுக்காக இப்பதான் ஒழுங்கா கோடு போட்டான். அதப் போயி இவ வைரஸ்னு தொடச்சிட்டா!" முக்காட்டு நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சிரித்த கண்ணீரா, மற்றதா என்று யாரும் கேட்கவில்லை. அஸ்மானும் சிரித்துவிட்டான்.

"எல்லாம் சரி, நாளைக்கு என்னா கொடுக்கிறது?" என்றான்.

"பேனா இருக்குல்ல பங்?" என்று அஸ்மானை அண்ணன் முறை வைத்துக் கேட்டான் விமலன். "ஒரு அட்டையில கையால போட்டுக் குடுங்க. அத வச்சு மிச்சத்த நகல் எடுத்துக்கலாம்."

மேசையைத் துடைத்தார்கள். மக்சிக் மனப்பாடமாக ஓத ஓத, அஸ்மான் மெல்லிய பேனாவால் ஒவ்வொரு கோடாக வைத்தான். கடற்காற்றில் பறக்காமல் அட்டையின் முனைகளை ராகினி பிடித்துக்கொண்டாள்.

"வீணானத குப்பையில போட்டுறட்டுமா மக்சிக்?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"ஓதுற வார்த்தையக் குப்பையில போடுவாங்களா? ஒண்ணு விடாம இங்க கொண்டாந்து வை, நான் முறையா எரிச்சுக்கறேன். கைய ஆட்டாத! மத்தியானம் சாப்பிட்டியா இல்லியா? இப்படி நடுங்கினா கோடு எங்க போயி விழும்? தெரியலன்னா ஓடி வந்து கேக்க மாட்டியா, பக்கத்துலதான இருக்கேன்?"

ராகினி தலையைக் குனிந்துகொண்டாள். அந்த ஏச்சு இன்னும் கொஞ்சம் நீளாதா என்றிருந்தது.